எலொடி துப்ரே என்று ஒருத்தி

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடைவைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பிரான்சில் வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் கொம்பனி ஒன்றின் வாடிக்கையாளர்கள், இணைப்பு அறுந்துவிட்டது என்று முறையிட எடுக்கும் அழைப்புகள் எங்கள் காதுக்கு வரும். அவர்கள் தங்கள் நாட்டில் இருக்கும் யாரோடோ கதைப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அப்படித்தான் நினைக்கவேண்டும் என்பது கொம்பனியின் முதல் விதி. கணினித் திரையின் மூலையில் லியோன் நகரத்தின் அன்றைய வெயிலும் மழையும் காட்டிக்கொண்டிருக்கும். யாராவது காலநிலை பற்றிப் பேச்செடுத்தால் அதைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும்.

எனக்குப் பிரெஞ்சு படித்து வந்த மொழி அல்ல. நாலு வயதில் பரிஸ் நகரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்குக் கொண்டுபோகப்பட்டேன். போர் முடிந்த கையோடு, பெண்பிள்ளை அங்கே வளர்ந்தது போதும் என்று அப்பா முடிவெடுத்தார். பதினாறு வயதில் திரும்பி வந்தேன். வட்டுக்கோட்டையில் கலியாணம் கட்டி, ஒரு பிள்ளையும் பிறந்த பிறகு, வீட்டில் யாருக்கும் தேவைப்படாமல் கிடந்த அந்த மொழிக்கு யாழ்ப்பாணத்திலேயே சம்பளம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுத்தான் அந்த மாடிப்படி ஏறினேன்.

பயிற்சியின் முதல் வேலை, ஆளுக்கொரு பெயர் தெரிவுசெய்வது. எங்களுக்குப் பயிற்சி தந்தவர் பிரான்சிலிருந்து திரையில் தோன்றிய ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. பெயர் என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். பிரான்சில் ஒவ்வொரு காலத்திலும் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்கள் வேறு வேறு. பெயரைக் கேட்டாலே வயதைச் சொல்லிவிடுவார்கள். இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி, கேட்க இனிமையாக இருக்கிறது என்று "ஜெர்மென்" என்ற பெயரை எடுத்திருந்தாள். அது எண்பதைத் தாண்டியவர்களின் பெயர் என்று சொல்லிப் பயிற்சியாளர் சிரித்தார். குடும்பப் பெயர் இன்னும் சிக்கல். அது பல நூறு வருடங்களாகத் தகப்பன் வழியில் வருவது. சில பெயர்கள் ஒரு மாகாணத்தோடு ஒட்டியவை. அப்படி ஒன்றை எடுத்தால், அழைப்பவர் "எந்த ஊர்?" என்று கேட்பார், மாட்டிக்கொள்வீர்கள் என்றார். பிரபுக்களின் பெயரும் வேண்டாம். மற்றப் பெயர்கள் பழங்காலத்தில் ஒருவர் குடியிருந்த இடத்தையோ, பார்த்த தொழிலையோ வைத்து வந்தவை, அவற்றில் பொதுவானதாக ஒன்றைப் பாருங்கள் என்று ஒரு நீண்ட பட்டியலை அனுப்பிவைத்தார்.

தேநீர் இடைவேளையில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அங்கே வளர்ந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் பிரெஞ்சு வகுப்புகளில் படித்தவர்கள், அல்லது சில வருடங்கள் அங்கே இருந்துவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். எனக்குப் பக்கத்து மேசை இளைஞர் "பார்பியே" என்ற பெயரைத் தெரிவுசெய்திருந்தார். அதற்கு என்ன கருத்து என்று கேட்டார். முடி திருத்துபவர் என்று சொன்னேன். அவருடைய முகம் மாறியது. கோப்பையை வைத்துவிட்டுப் பட்டியலைத் திரும்ப எடுத்தார். பிறகு மற்றவர்களும் தங்கள் தங்கள் பெயருக்குக் கருத்துக் கேட்டார்கள். கொல்லர், தோல் பதனிடுபவர், இறைச்சி விற்பவர். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பெயராக வெட்டப்பட்டது. யாரும் காரணம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. இடைவேளை முடிந்து எல்லோரும் மாற்றிய பெயர்களோடு வந்தபோது பயிற்சியாளர் வியந்துபோய், ஏன் என்று கேட்டார். முதலில் எடுத்தவை உச்சரிக்கக் கடினமாக இருந்தன என்று அவர்களுக்காக நான் பதில் சொன்னேன்.

அவர்களைப் பற்றி மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது. நான் தெரிவுசெய்திருந்தது "துப்ரே". புல்வெளிக்காரர், நிலத்தோடு சேர்ந்தவர் என்று கருத்து. நான் கருத்துகள் எல்லாம் தெரிந்துகொண்டே அதை எடுத்திருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் எவரும் கவனிக்காத ஒன்றை, யாழ்ப்பாணத்து மேல்மாடி ஒன்றில் இருந்துகொண்டு நாங்கள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினோம்.

முற்பெயரை எடுக்க எனக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. என் வயதுக்காரிகளில் வகுப்புக்கு ஒரு எலொடியாவது இருந்தாள். எங்கள் வகுப்பு எலொடியின் பெயரை ஆசிரியர் வரவுப் பட்டியலில் தடுமாறாமல் வாசித்துக்கொண்டு போவார். என்னுடைய பெயருக்கு வந்ததும் நின்றுவிடுவார். என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்து அந்த வரியில் அடங்காத நீளம். அவர் வாயைத் திறக்க முன்னமே நான் கையை உயர்த்திவிடுவேன். ஒருமுறை என் பிறந்தநாளுக்குக் கேக் சொல்ல அம்மாவோடு வெதுப்பகத்துக்குப் போனபோது, கேக்கில் என்ன பெயர் எழுதுவது என்று கடைக்காரி கேட்டாள். "எமிலி" என்றேன். வீதிக்கு வந்ததும் அம்மா, "ஆர் பிள்ளை எமிலி?" என்று கேட்டா. கடைக்காரியின் பெயர் என்றேன். அந்தக் கேக்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம். அதன்மேல் எழுதியிருந்ததை அம்மா வெட்டுவதற்கு முன்னமே கத்தியால் வழித்துவிட்டிருந்தா.

ஆக, எலொடி துப்ரே. பயிற்சியாளர் அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, இப்படி ஒருத்தி எங்கள் தெருவிலேயே இருப்பாள் என்றார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்குள் இருந்த சந்தோசத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் அந்தப் பெயரில் நன்றாக வேலை செய்தேன். என்னுடைய குரலை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. அங்கே வாழும் எங்கள் ஆட்களும் சிலவேளை அழைப்பார்கள். பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகள்தான் பேசுவார்கள். நானும் பிரெஞ்சிலேயே பேசி அனுப்பிவிடுவேன். அதில் ஒரு வருத்தமும் எனக்கு இருந்ததில்லை.

அந்தப் பெண்மணியின் அழைப்பு வந்தது ஒரு பகல் வேளையில், நான் வந்து அமர்ந்து கொஞ்ச நேரத்துக்குள். அங்கே காலை. திரையில் வந்த பெயரைப் பார்த்ததுமே எங்கள் ஆள் என்று தெரிந்தது. அறுபது வயதிருக்கும் என்று குரல் சொன்னது. பிரெஞ்சில் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தா. மதாம், இணையம் இல்லை. என் அண்ணன் இறந்து. இலங்கை. இப்போது பார்க்க வேண்டும், இப்போது.

எனக்கு உடனே விளங்கியது. இங்கே செத்தவீடு நடக்கும்போது, வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்ப்பதற்காக வீடியோக்காரரைப் பிடித்து நேரடியாக ஒளிபரப்புவார்கள். பிரேதம் வீட்டு வாசலைத் தாண்டும்வரைக்கும்தான் அவவுக்கு நேரம். நான் ஆழ்ந்த அனுதாபம் தெரிவிக்கும் பிரெஞ்சு வசனத்தைச் சொன்னேன். பிறகு, இணைப்புப் பெட்டியை நிறுத்தி மறுபடி போடுங்கள், விளக்கு பச்சையாகும்வரை காத்திருப்போம் என்றேன். அதை மூன்று விதமாகச் சொல்லவேண்டியிருந்தது. கடைசியில் செய்தா.

விளக்கு வரச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நேரத்தில் நாங்கள் பேசாமல் இருப்பது வழக்கம். தொலைபேசியை மேசையில் வைத்திருப்பா போலும், குரல் கொஞ்சம் தள்ளி வந்தது. தமிழில் கதைக்கத் தொடங்கினா. முதலில் என்னைப் பற்றி. வெள்ளைக்காரி தன்னால் ஏலுமானதைச் செய்கிறாள், இன்றைக்கென்று இது போகவேண்டுமா என்று. பிறகு அண்ணனோடு கதைக்கத் தொடங்கினா, அவர் அந்த அறையில் இருப்பதுபோல.

இவவின் மகள் ஒரு பிரெஞ்சுக்காரனைக் கட்டியபோது, இனி என் வாசலுக்கு வராதே என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவரே பலமுறை அழைத்திருக்கிறார். இவ எடுக்கவில்லை. வீட்டில் இருந்துகொண்டே, வேலைக்குப் போய்விட்டதாகச் சொல்லும்படி மகனிடம் சொல்லியிருக்கிறா. "உன்ரை போன் அடிச்சு நிக்குமட்டும் பாத்துக்கொண்டுதான் அண்ணை இருந்தனான்," என்று சொல்லி அழுதா. "ஒருக்கா எடுத்திருக்கலாம். புத்தூரிலை நீ படுத்திருக்கிறாய், உன்ரை முகத்தையும் எனக்குக் காட்டமாட்டாய்."

அந்தப் புத்தூர், நான் இருந்த கதிரையிலிருந்து பஸ்ஸில் போனால் அரை மணித்தியாலம்.

விளக்கு பச்சையாகவில்லை. பழுது வீதியில் இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் ஆள் வரமுடியும். ஆனால் அதற்கு ஒரு வழி இருந்தது. இப்படி நேர்ந்தால், வாடிக்கையாளரின் கைத்தொலைபேசிக்கு இலவசமாக இணையம் ஏற்றிவிட எங்களுக்கு அனுமதி உண்டு. நான் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவேன். அவர் அதற்கு "ஆம்" என்று பிரெஞ்சில் பதில் போட்டால் போதும், உடனே வேலை செய்யும். அனுப்பினேன். பதில் போடுங்கள் மதாம் என்றேன். அவ மறுத்தா. வேண்டாம், வேண்டாம், மகன் சொன்னது, செய்திக்குப் பதில் இல்லை, திருடர் என்றா. இந்தச் செய்தி நான் அனுப்பியது என்று மெதுவாகச் சொன்னேன், சொற்களை மாற்றிச் சொன்னேன். அவ பயந்துபோய் மறுத்துக்கொண்டே இருந்தா.

தமிழில் ஒரு வசனம் போதும். அது என் வாய்வரைக்கும் வந்தது. அழைப்புகள் பதிவாகின்றன, வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்தது உண்மை. பிற்பாடு என் கணவருக்கும் அந்தக் காரணத்தைத்தான் சொன்னேன். ஆனால் அது முழுவதும் அல்ல. நான் அவ்வளவு நேரமும் அந்தப் பெண்ணுக்கு வெள்ளைக்காரியாக இருந்தேன். ஒரு சொல்லைத் தமிழில் சொன்னால் அவவைப்போல நானும் ஒருத்தி ஆகிவிடுவேன். நீ யார், எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று அடுத்து கேட்பா. அந்த இடத்தில், அந்த அழுகைக்கு நடுவில்கூட, எனக்கு அது விருப்பமில்லாமல் இருந்தது. நான் பிரெஞ்சிலேயே நின்றேன்.

கடைசியில் அவ, நன்றி மதாம், நீங்கள் நல்லவர் மதாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா. அழைப்பு முடிந்ததும் சேவைக்கு எத்தனை புள்ளி என்று இயந்திரக் குரல் கேட்கும். இருப்பதில் உயர்ந்ததை அழுத்தியிருந்தா.

அன்றைக்கே எங்கள் மேற்பார்வையாளர் அந்தப் பதிவைக் கேட்டார். அவரும் இங்கத்தைய ஆள்தான், எல்லாம் விளங்கியிருக்கும். என் மேசைக்கு வந்து, "நல்லாச் சமாளிச்சியள். ஒரு சொல்லும் தமிழிலை வரேல்லை," என்றார். நான் நன்றி சொன்னேன்.

அன்றைய பேப்பரில் மரண அறிவித்தல் வந்திருந்ததை வீட்டுக்குப் போன பிறகு பார்த்தேன். புத்தூரைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்டவர் என்று இருந்தது. சகோதரி பெயருக்குப் பக்கத்தில் பிரான்ஸ் என்று போட்டிருந்தது. திரையில் நான் பார்த்த பெயர்தான். வெட்டி வைக்கவில்லை. ஆனாலும் அதில் இருந்த வீட்டு முகவரி மறக்கவில்லை.

இரண்டு கிழமை தாங்கிப் பார்த்தேன். கணவரிடம் சொன்னேன். அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். "போய் என்ன சொல்லப்போறீர்?" என்று கேட்டார். "உம்மடை மனம் ஆறுறதுக்கு அவையின்ரை வீட்டை போகாதையும்." அது சரி என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டும் ஞாயிற்றுக்கிழமை பருத்தித்துறை பஸ் ஏறி, புத்தூரில் இறங்கினேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. பந்தல் பிரித்த தடிகள் மதிலோரம் அடுக்கிக் கிடந்தன. இறந்தவரின் மனைவி வெளியே வந்தா. துக்கம் விசாரிக்க வந்ததாகச் சொன்னேன். உங்கள் மச்சாளைப் பிரான்சில் தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவ கேட்கவில்லை. கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி வைத்துத் தந்து, தன் கணவருக்கு நெஞ்சுவலி வந்த நேரத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னா. செத்தவீட்டு அன்று மச்சாளுக்கு லைவ் பார்க்கக் கிடைக்கவில்லை என்றும் சொன்னா. "அங்கத்தைய கொம்பனியிலை ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையாம். சரியான பொறுமையாக் கதைச்சதாம். ஆனா மச்சாளுக்கு ஒண்டும் விளங்கேல்லையாம்."

நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

உங்களைக் கண்டால் மச்சாளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று சொல்லி, நான் தடுக்க முன்னம் தொலைபேசியில் வீடியோ அழைப்பு எடுத்துவிட்டா. திரையில் ஒரு சிறிய முகம், கண்ணாடி போட்டு, தலையில் துவாய் சுற்றியிருந்தது. உன்னைத் தெரிந்த பிள்ளை வந்திருக்கிறாள் என்று சொல்லித் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு, மனைவி உள்ளே போனா. நான் அதோடு எழுந்து கிணற்றடிப் பக்கம் போனேன்.

"உங்களை எனக்குத் தெரியேல்லையே பிள்ளை," என்றா அவ.

அன்று உங்களோடு கதைத்தது நான்தான் என்றேன். அவவுக்கு விளங்கவில்லை. இணையக் கொம்பனி, பச்சை விளக்கு, குறுஞ்செய்தி என்று சொன்னேன். அவ தலையை ஆட்டி, இல்லை, அது வெள்ளைக்காரி என்றா. வேறு வழி தெரியாமல் அந்தக் குரலில், அந்தப் பிரெஞ்சில், வணக்கம் மதாம், எலொடி துப்ரே பேசுகிறேன் என்றேன்.

அவவுடைய முகம் அப்படியே நின்றது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். விதி, வேலை, பதிவு என்று ஏதேதோ சொன்னேன். அவ அதைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். நான் நிறுத்திய பிறகு கேட்டா:

"அப்ப நான் தமிழிலை சொன்னதெல்லாம் உமக்கு விளங்கினதோ?"

"ஓம்."

"வேறை ஆரும் கேட்டவையோ?"

மேற்பார்வையாளர் என் மேசையருகே நின்ற நிலை கண்ணுக்குள் வந்தது. "இல்லை," என்றேன்.

"மச்சாளிட்டைச் சொன்னனீரோ?"

"இல்லை, அன்ரி."

"சொல்லாதையும்." கண்ணாடியைக் கழற்றினா. கோபமாகக் கதைக்கவில்லை. களைத்துப்போனவ மாதிரிக் கதைத்தா. "ஆருக்கும் விளங்காது எண்டுதான் நான் வாய்விட்டுச் சொன்னனான். நீர் வெள்ளைக்காரியாவே இருந்திருக்கலாம்."

நான் அதுவரையில், அவவுக்குத் தமிழில் சொல்லாமல் விட்டதற்காகத்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அண்ணனின் முகத்தைப் பார்க்கவிடாமல் செய்தவள் நான். இப்போது, அவவுக்கு அன்று கிடைத்த ஒரே ஆறுதலையும் புத்தூர்வரை வந்து பறித்துவிட்டிருக்கிறேன். தொலைபேசியை எங்கே பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மச்சாளிடம் கொடும் என்று அவ சொன்னதும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் இருவரும் கொஞ்ச நேரம் வேறு ஏதோ கதைத்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஐயருக்குச் சொல்லியாகிவிட்டதா என்று அவ கேட்டது காதில் விழுந்தது.

அழைப்பு முடிந்ததும் மனைவி என் பக்கத்தில் வந்து அமர்ந்தா. கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கச்சிக்கு எடுப்பார் என்றும், அவ வேலையாக இருப்பதால் பெரும்பாலும் கிடைக்கமாட்டா என்றும் சொன்னா. கோபிப்பாரா என்று கேட்டேன்.

"அவரோ? பாவம், அவள் களைச்சுப்போய் வருவாள், பிறகு எடுப்பம் எண்டு வைச்சிடுவார். மருமகனைக் கூட்டிக்கொண்டு வா எண்டு சொல்லத்தான் எடுக்கிறவர். தன்ரை வாயாலைதான் அதைச் சொல்லவேணும் எண்டு என்னையும் சொல்லவிடேல்லை."

அதை மச்சாளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அதை ஏன் பிள்ளை சொல்லவேணும்? அவவுக்குத் தெரியும்தானே."

"இல்லை அன்ரி. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. இண்டைக்கே சொல்லுங்கோ."

என் குரலில் என்ன இருந்ததோ, அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் யார், எங்கிருந்து வந்தேன் என்று அப்போதுதான் யோசித்திருக்கவேண்டும். ஆனால் கேட்கவில்லை. "சரி, சொல்லுறன்," என்றா.

துக்கவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதாவது எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

சொன்னாவா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அந்த வாடிக்கையாளரின் பெயரை எங்கள் திரையில் தேடினால், பிறகு அழைத்தாவா என்று பார்க்கலாம். இன்றுவரை தேடவில்லை. இனி அவவுடைய வாழ்க்கைக்குள் எட்டிப்பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். மேற்பார்வையாளரிடம், எங்கள் ஆட்கள் அழைத்தால் தமிழில் கதைக்க அனுமதி தரமுடியுமா என்று கேட்டேன். பிரான்சுக்கு எழுதிக் கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. பெயரையாவது மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன். நல்ல பெயர்தானே, ஏன் என்றார். அதே பெயரோடு என் மேசைக்குத் திரும்பினேன்.

இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வீட்டுக்குக் கூரை என்று காரணங்கள் இருக்கின்றன. திரையில் எங்கள் பெயர் ஒன்று வந்தால், பெட்டியை நிறுத்தி மறுபடி போடச் சொல்லிவிட்டு, அவர்கள் தமிழில் வாய்விட்டு எதையும் சொல்ல இடம் வைக்காமல், நான் ஓயாமல் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டே இருப்பேன். லியோனில் மழை என்றும், இந்த வருடம் குளிர் அதிகம் என்றும், ஏதாவது. அவர்கள் அந்த வெள்ளைக்காரி வாயாடி என்று நினைத்துவிட்டுப் போகட்டும்.